மாளிகைக்கு முன்பே எழுந்த மணிக்கூண்டு

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஜூலியா மோர்கன் 700 கட்டடங்களுக்கு மேல் வடிவமைத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் தன் மாளிகையைக் கட்டக் கொடுத்திராவிட்டால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்? 2014-ல் கட்டடக் கலைக்கான தங்கப் பதக்கம் கொடுத்ததும் பெண் என்கிற சலுகைதானே? - வாசகர், திருச்சி.

பதில்: நாள்காட்டியை ஒரு முறை புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம். சான் சிமியன் மலைமேல் ஹெர்ஸ்ட் மாளிகையின் வேலை தொடங்கியது 1919-ல். கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞருக்கான உரிமம் பெற்ற முதல் பெண்ணாக மோர்கன் ஆனது 1904-ல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

1894-ல் பெர்க்லியில் சிவில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, பாரிஸ் கலைக் கல்லூரியில் கட்டடக் கலை படிக்கப் போனவர் அவர். போனபோது அங்கே பெண்களுக்கு இடமே கிடையாது. 1897-ல் நுழைவுத் தேர்வு எழுத அனுமதித்தார்கள். முதல் இரண்டு முறை தேறவில்லை. பெண்களை ஊக்குவிக்க விருப்பமில்லாமல் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்தார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு மூன்றாம் முறையும் போய் உட்கார்ந்தார். 376 பேரில் 13-வது இடம்.

1902-ல் சான்றிதழோடு ஊர் திரும்பியதும் ஒரு பெரிய கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அருமையான ஆள் கிடைத்திருக்கிறார், பெண் என்பதால் சம்பளம் ஏறக்குறைய தரவே வேண்டியதில்லை என்று அந்த முதலாளி பெருமையடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நீங்கள் சொல்லும் சலுகையை அனுபவித்தவர் யார் என்று இங்கே கொஞ்சம் யோசிக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், ஓக்லண்ட் நகரின் மில்ஸ் கல்லூரிக்கு 1904-ல் 72 அடி உயர மணிக்கூண்டு ஒன்றைக் கட்டினார். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட். அந்தப் பகுதியில் அன்றைக்குப் பலரும் நம்பத் தயங்கிய சமாசாரம். 1906 ஏப்ரல் 18 அன்று பூகம்பம் வந்து சான் பிரான்சிஸ்கோவைப் புரட்டிப் போட்டது. மணிக்கூண்டு அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு அவர் வாய்ப்புத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தீயில் உள்ளே கருகி, தூண்கள் வளைந்து, தளங்கள் தொய்ந்து கிடந்த ஃபேர்மவுன்ட் ஹோட்டலைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. சரியாக ஓராண்டில் ஹோட்டல் திறந்துவிட்டது. பார்க்க வந்த ஒரு பெண் நிருபர், சுவரின் வண்ணங்களையும் அலங்காரங்களையும் அவருடைய கைவண்ணம் என்று நினைத்துப் பாராட்டினாராம். அதெல்லாம் அலங்காரக்காரர்களின் வேலை, என்னுடையது கட்டுமானம் மட்டும் என்று திருத்தினார் மோர்கன். கேட்டவரும் பெண்தான், அதனால் இந்த நோயை ஆண்களின் தலையில் மட்டும் கட்ட நான் தயாராக இல்லை.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு, அதை மறைப்பானேன்? ஹெர்ஸ்ட் குடும்பத்துப் பணம் 1919-க்கு முன்பே அவரிடம் வந்திருக்கிறது. ஹெர்ஸ்டின் தாய் ஃபீபி அவரை ஆதரித்தார். தன் வீட்டின் கட்டட வேலையையும் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸில் மகனுடைய பத்திரிகைக்கும் மோர்கன் கட்டடம் கட்டினார். ஆனால் பாரிஸில் படித்த நாட்களில் அதே ஃபீபி பண உதவி செய்ய முன்வந்தபோது, நன்றி சொல்லி மறுத்தவரும் இவர்தான். பணம் போடுகிறவர் இல்லாமல் எந்தக் கட்டடக் கலைஞர் பெயர் வாங்கினார்? கோயில் கட்டிய ஸ்தபதிக்கும் ராஜா வேண்டியிருந்தது. ஆண்களைப் பற்றி யாரும் எனக்கு இப்படிக் கேள்வி அனுப்புவதில்லை.

மாளிகை விஷயத்துக்கும் வருகிறேன். கடலிலிருந்து 1,600 அடி உயர மலைமேல், கப்பலில் வந்து இறங்கிய சாமான்களை ஏற்றிக் கட்டியது அது. ஹெர்ஸ்ட் ஐரோப்பாவில் பழைய மரக் கூரைகளை வாங்கி அனுப்புவார். அதற்குத் தகுந்தபடி அறையை இவர் மாற்ற வேண்டும். நெப்டியூன் நீச்சல் குளத்தை மனம் நிறையாமல் மூன்று முறை கட்ட வைத்தார் அந்த மனிதர். மோர்கன் வாரநாட்களில் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தைக் கவனித்துவிட்டு, வாரக்கடைசியில் இரவு ரயிலேறி, மிச்சத் தூரத்தைக் காரில் கடந்து மலைக்குப் போவார். இப்படி 500 தடவைக்கு மேல். இத்தனைக்கும் அவர் கையில் மிஞ்சிய லாபம், இருபது ஆண்டுகளில், 70,000 டாலர் சொச்சம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தயவு என்றால் யாருடைய தயவு யாருக்கு?

கலிஃபோர்னியக் கடற்கரையில் உள்ள அசிலமார் முகாமையும் சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனில் இளம் பெண்களுக்காக அவர் எழுப்பிய விடுதிக் கட்டடத்தையும் பாருங்கள். அங்கே ஹெர்ஸ்டின் பழம்பொருட்கள் இல்லை, மோர்கன் மட்டும் இருக்கிறார்.

பதக்கத்துக்கு வருவோம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அதை 1907 முதல் கொடுத்துவருகிறது. 2014 வரை ஒரு பெண்ணுக்கும் கொடுத்ததில்லை. மோர்கன் 1957-லேயே இறந்துவிட்டார். 57 ஆண்டுகள் கழித்துக் கல்லறை வாசலில் வைத்துவிட்டுப் போனதைத்தான் சலுகை என்கிறீர்கள்.