மன்னிக்க வேண்டியவர் யார்?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளியிலுள்ள மழைமானியின் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடியபோது உடைத்துவிட்டு, வாய் திறக்காமல் இருந்துவிட்டான். தினமும் காலை 8.30 மணிக்கு மழை அளவைக் குறிக்கும் பொறுப்பு வகுப்புத் தோழன் ஒருவனிடம் இருந்ததால், பழி அவன்மேல் விழுந்தது. அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, அந்தப் பொறுப்பையும் பறித்துவிட்டார்கள். தோட்டத்தில் பச்சை இலை பறிக்கும் அவன் தாய் குடுவைக்கான பணத்தைக் கட்டினார். சில நாள் கழித்து என் மகன் தானாகவே ஆசிரியரிடம் உண்மையைச் சொல்ல, “சொன்னாயே, அதுவே போதும், மன்னித்துவிட்டேன்” என்றாராம். ஆனாலும் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தத் தோழனைக் கண்டால் ஒதுங்கிப் போகிறான். “ஒரு குடுவைதானே” என்கிறார் என் கணவர். மறந்துவிடு என்று நானும் சொல்லிவிடலாமா?
ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சொல்லாதீர்கள், சகோதரி. உடைந்த குடுவையையும் தம்மிடம் மறைத்ததையும் மன்னிக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஆனால் வகுப்பு முழுவதும் பார்க்க வெளியே நின்ற சிறுவனின் அவமானத்தையும், அவன் தாய் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தையும் அவர் எப்படி மன்னிக்க முடியும்? பெரியவர்கள் தீர்த்துவிட்டதாக நினைக்கும் கணக்கு தீரவில்லை என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கிறது.

காந்தியடிகள் 15 வயதில், அண்ணன் பட்ட கடனை அடைப்பதற்காக அவருடைய தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்தார். பிறகு மனம் பொறுக்காமல், தக்க தண்டனை தரும்படியும் வேண்டிக் கடிதம் எழுதி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை கண்ணீர் வழியப் படித்துவிட்டு அதைக் கிழித்துப்போட்டார். தந்தையின் அன்பைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம். அதை நினைவுகூரும்போது காந்தி இன்னொன்றையும் சொல்கிறார்: குற்றத்தை, அதை ஏற்கும் உரிமை உள்ளவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் மகன் பாதி வழிதான் வந்திருக்கிறான்.

முதலில் ஆசிரியரைப் பாருங்கள். பழி விழுந்த அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், அந்தச் சிறுவன் குடுவையை உடைக்கவில்லை என்பதையும், தீர விசாரிக்காமல் தண்டித்துவிட்டதையும் அவரே சொல்ல வேண்டும். மழை அளவைக் குறிக்கும் பொறுப்பும் அவனுக்கே திரும்பக் கிடைக்க வேண்டும். குழந்தைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை அவருக்கு மரியாதையாகவே நினைவூட்டலாம். உங்கள் மகனின் பெயரை வகுப்பில் சொல்லலாமா என்பதை அவனிடமே கேளுங்கள்; சொல்லட்டும் என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுடன் அந்தத் தாயின் வீட்டுக்குப் போங்கள். இலை எடை போடும் இடத்தில், நாலு பேர் பார்க்க, இந்தப் பேச்சு வேண்டாம். கையில் ஒரு வர்க்கிப் பொட்டலத்தோடு போகத் தோன்றும். அதையும் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் பலகாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டவரால் கோபத்தைச் சொல்ல முடியாது. அவர் கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். அதில் ஒரு பகுதியாவது மகனின் உண்டியலிலிருந்து வரட்டும். “நான் உடைத்தேன், நீ திட்டு வாங்கியபோது சும்மா இருந்தேன்” என்று அவன் சொன்னால் போதும். பயமாக இருந்தது, வேண்டுமென்று செய்யவில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

அந்தச் சிறுவன் உடனே பழம் விடாமல் போகலாம். இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைக்கும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எத்தனை நாள் பேசாமல் இருப்பது என்பதை அவன் முடிவு செய்யட்டும். அதுவரை காத்திருப்பது உங்கள் மகனுக்குக் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் இப்போதுபோல் ஒதுங்கி ஓட வேண்டியிருக்காது.

அவன் தாய் கோபத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் மகன் முன்னிலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவரை மட்டும் அன்று உடன் அழைத்துச் செல்ல வேண்டாம். ஒரு குடுவைதானே என்று அங்கேயும் சொல்லிவிடுவார்.