துறைமுகமே இல்லாத ஊருக்கு எதுக்கு வந்தான்?

கேள்வி: இவ்வளவு நீளமான கடற்கரையில வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு சென்னை துறைமுகத்தை ஏன் செலக்ட் பண்ணான்? பிரான்சிஸ் டேவோட காதலி சாந்தோம்ல இருந்தாங்க, அதனாலதான் பக்கத்துலயே கோட்டை கட்டிட்டான்னு ஒரு கூட்டத்துல பேசினாங்க. உண்மையா சார்?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: துறைமுகம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, முதல்ல அதுக்கு வரேன். எந்தத் துறைமுகம்? 1639-ல இங்க துறைமுகம் கிடையாது. 1739-லயும் கிடையாது, 1839-லயும் கிடையாது. கிட்டத்தட்ட 240 வருஷம் துறைமுகமே இல்லாம ஒரு பெரிய துறைமுகப் பட்டணம் நடந்திருக்கு, உலகத்துல இப்படி எத்தனை ஊர் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கப்பல் கரைக்குக் கிட்டயே வர முடியாது. ரொம்ப தூரம் தள்ளி நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல அலை வரிசை வரிசையா உடையும். ஐரோப்பாவுல கட்டின படகை இறக்கினா கரையேறுறதுக்குள்ள பலகை பலகையா பிரிஞ்சிடும்.

அப்ப ஆளும் சரக்கும் எப்படி வந்துச்சு? நம்ம மீனவங்க கொண்டு வந்தாங்க. மசூலா படகுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல ஒரு ஆணி கிடையாது. பலகையோட ஓரத்துல வரிசையா ஓட்டை போட்டு, ரெண்டு பலகை சேருற இடத்துல வைக்கோலோ நாரோ அணைச்சு வெச்சு, தேங்காய் நார்க் கயித்தால இழுத்துத் தைச்சிருப்பாங்க. உள்ள விலாக்கட்டை கூட இருக்காது. அதனால அலை அடிச்சா படகே நெளிஞ்சு கொடுக்கும், மணல்ல மோதினாலும் உடையாது. பின்னால தண்டேல், அதாவது படகுத் தலைவர், நீளத் துடுப்போட நின்னுக்கிட்டு அலையை எண்ணுவார், எது பெரிய அலை எது விட்டுக் கொடுக்குற அலைன்னு பார்த்து அவர் குரல் கொடுத்தாத்தான் மத்தவங்க வலிப்பாங்க. பக்கத்துலயே கட்டுமரம் வரும், யாராவது தண்ணியில விழுந்தா தூக்குறதுக்கு. படகே போக முடியாத கொந்தளிப்புல கட்டுமரக்காரர் தலையில இருக்கிற ஓலைத் தொப்பிக்குள்ள கடுதாசியை நனையாம வெச்சு கப்பலுக்குக் கொண்டு போவார். 1744-ல குமாஸ்தாவா வந்த ராபர்ட் கிளைவ்ல இருந்து எத்தனையோ கவர்னருங்க வரைக்கும் இந்த ஊர்ல காலை வெச்சது இவங்க கையைப் பிடிச்சுத்தான். கிளைவ் பேர் கோட்டைக்குள்ள இன்னும் இருக்கு. இந்தப் படகுக்காரங்க பேர்ல நான் பார்த்த வரைக்கும் ஒரு கல்லு கூட இல்ல. இதை இந்தப் பக்கத்துல பல தடவை எழுதியாச்சு, வெக்கிற வரைக்கும் எழுதுவேன்.

இப்ப காதலி கதை. பிரான்சிஸ் டேங்கிறவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, ஜார்ஜ் கோட்டைக்கு இடம் பார்த்தவர். இதை ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் மெட்ராஸ் டே மேடையில யாராவது சொல்றாங்க, கூட்டம் சிரிக்குது, எனக்கு ஒவ்வொரு தடவையும் கோவம்தான் வருது. இந்தக் கதையை அச்சுல ஏத்தினவர் அலெக்சாண்டர் ஹாமில்டன்னு ஒரு ஸ்காட்லாந்து கப்பல் கேப்டன், 1727-ல வந்த அவரோட பயண நூல்ல. அவர் என்ன எழுதியிருக்கார்னு பாருங்க. ரெண்டாம் சார்லஸ் ராஜா ஆட்சி தொடங்கின சமயத்துல கோட்டை கட்டச் சொல்லி ஒருத்தருக்கு உத்தரவு வந்துச்சாம், அவர் சர் வில்லியம் லாங்ஹோர்னா இருக்கணுமாம், அவருக்கு சாந்தோம்ல ஒரு காதலியாம், அடிக்கடி சந்திக்க வசதியா இங்க கட்டிட்டாராம். அதாவது கதையில பிரான்சிஸ் டே பேரே கிடையாது! ரெண்டாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தது 1660, இங்க கோட்டை வேலை ஆரம்பிச்சது 1640. லாங்ஹோர்ன் இந்த ஊருக்குத் தலைமை அதிகாரியா இருந்தது 1670-கள்ல, அப்ப கோட்டைக்கு வயசு முப்பதுக்கு மேல. கேப்டன் வருஷத்தையும் தப்பா போட்டு ஆளையும் தப்பா போட்டிருக்கார். பின்னால வந்தவங்க வருஷம் இடிக்குதேன்னு ஆளை மட்டும் மாத்தி, காதலியை அப்படியே வெச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு பேர் கூட யாராலயும் சொல்ல முடியல. ஒரு ஊரோட பிறப்பையே இப்படி ஒரு வதந்திக்கு எழுதி வெக்கலாமா?

அதே ஹாமில்டன் அதே இடத்துல உருப்படியா ஒண்ணு சொல்றார், அதை மட்டும் மேடையில யாரும் சொல்றதில்ல. கோட்டை ரொம்ப மோசமான இடத்துல இருக்குங்கிறார். முன்னால ஓயாம அலை அடிக்கிற கடல், அஸ்திவாரம் மணல்ல, பின்னால உப்புத்தண்ணி ஆறு, ஒரு மைல் சுத்துக்கு குடிக்கத் தண்ணி இல்ல. இது அத்தனையும் நிஜம். அப்ப எதுக்கு வந்தான்னு நீங்க கேக்குறது ரொம்ப நியாயமான கேள்வி.

துணி சார், துணி! அதுக்காகத்தான் வந்தான். ரங்கநாதன் தெருவுல வண்டி நிறுத்த இடம் இருக்கான்னு பார்த்தா ஜனங்க போறாங்க? கம்பெனிக்கு அப்ப இந்தக் கரையில வேண்டியது மிளகும் கிராம்பும் இல்ல, அதெல்லாம் ஜாவா பக்கம் இருந்துச்சு. ஆனா அங்க போய் வெள்ளியை நீட்டுறதை விட நம்ம ஊர்த் துணியை நீட்டினா நல்லா போணியாகும். அந்தத் தீவுக்காரங்களுக்குப் பிடிச்ச சாயம், பிடிச்ச பூவேலை எல்லாம் இந்தக் கரையில நெய்யுறவங்களுக்குத் தலைமுறை தலைமுறையா அத்துப்படி. சாயவேர் சிவப்பும் அவுரி நீலமும் சேர்ந்த துணி கப்பல் ஏறி ஜாவாவுல இருக்கிற பாண்டம் ஊருக்குப் போகும், அங்க மிளகா மாறும், மிளகு லண்டன் போகும். துணி இல்லேன்னா இந்தச் சக்கரம் சுத்தாது.

கம்பெனிக்கு ஏற்கெனவே மசூலிப்பட்டணத்துல 1611-ல இருந்து கிடங்கு இருந்துச்சு. அது கோல்கொண்டா சுல்தான் ராஜ்ஜியம், அதிகாரிங்க பிடுங்கல் தாங்கல, டச்சுக்காரன் போட்டி வேற. தெற்க வந்து ஆர்மகான்ல, இப்ப துகராஜபட்டணம்னு சொல்ற இடம், 1626-ல ஒரு சின்னக் கோட்டை போட்டாங்க, அங்க துணி சரியா கிடைக்கல, உள்ளூர் நாயக்கரோடயும் ஒத்து வரல. நல்ல இடமான பழவேற்காட்டை டச்சுக்காரன் முன்னாடியே பிடிச்சு 1613-ல கோட்டை கட்டிட்டான். ஆர்மகான்ல உக்காந்திருந்த பிரான்சிஸ் டே 1639-ல கரையோரமா தெற்க வந்து விசாரிச்சுட்டு எழுதின விஷயம் என்னன்னா, இங்க லாங்கிளாத்னு சொல்ற நீளமான பருத்தித் துணி நல்லதா கிடைக்குது, மத்த இடத்தை விட 20 சதவீதம் மலிவா கிடைக்குது. வியாபாரிக்கு அந்த 20 சதவீதம் போதாதா?

சாந்தோமுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. அங்க இருந்த போர்த்துகீசியங்க நூறு வருஷத்துக்கு மேல இந்தக் கரையில பழம் தின்னு கொட்டை போட்டவங்க. 1635-ல கோவாவுல அவங்களுக்கும் இங்கிலீஷ்காரங்களுக்கும் சமாதானம் ஆச்சு, ரெண்டு பேருக்கும் டச்சுக்காரன் பொது எதிரி. அதனால பக்கத்துல ஒரு கூட்டாளி இருக்கட்டும்னு டேயை வரவேத்தாங்க. சாந்தோம் பக்கத்துல இருந்தது ஒரு காரணம்னு சொன்னா நான் ஒத்துக்குறேன், ஆனா அந்தக் காரணம் அரசியல்.

இன்னொண்ணு, வெள்ளைக்காரன் செலக்ட் பண்ணான்னே எல்லாரும் பேசுறோம். இடத்தைக் கொடுத்தவர் ஏன் கொடுத்தார்னு யாராவது கேக்குறோமா? தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர் வந்தவாசி பக்கம் ஆண்டவர், அவர் தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில இருந்தார். நாயக்கருக்கு என்னென்ன வேணும்னு டேயே எழுதி வெச்சிருக்கார், படிச்சா ஆச்சரியமா இருக்கும். வியாபாரிங்க வந்து என் நாடு செழிக்கணும். நான் பணம் கொடுக்கிறேன், பாரசீகத்துல இருந்து நல்ல குதிரை வேணும். வங்காளத்துக்குப் போற உங்க கப்பல்ல வருஷா வருஷம் என் ஆளை ஏத்திக்கிட்டுப் போகணும், அவன் எனக்கு வேட்டைப் பருந்தும் குரங்கும் கிளியும் வாங்கிட்டு வருவான். கடைசியா, கோட்டை பலமா இருந்தா அக்கம்பக்கத்து எதிரிங்ககிட்ட இருந்து ஆபத்துக்கு நானும் உள்ள வந்துக்கலாம். விஜயநகரம் சரிஞ்சுக்கிட்டிருந்த காலம், வடக்க கோல்கொண்டா நெருக்குது, அந்த மனுஷன் கணக்குப் போட்டுத்தான் பேசியிருக்கார். கிளியையும் குரங்கையும் வெச்சு அவரை ஏமாளின்னு சொல்றவங்க குதிரையையும் கோட்டையையும் விட்டுட்டுப் படிக்கிறாங்க. கோல்கொண்டா படை சில வருஷத்துலயே, 1640-கள் முடியறதுக்குள்ள, இந்தப் பக்கத்தை எல்லாம் பிடிச்சிடுச்சு. அவர் பயந்ததுல அர்த்தம் இருந்துச்சு.

பேச்சுவார்த்தைக்கு நடுவுல நின்ன துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்றவர், பேரி திம்மப்பா. 1640 பிப்ரவரியில மசூலிப்பட்டணத்துத் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கோகனும் டேயும் ஆளுங்களோட வந்து இறங்கினாங்க. இங்க குடி வரவங்களுக்கு உண்ணுறது, குடிக்கிறது, உடுத்துறதுக்கு 30 வருஷம் வரி கிடையாதுன்னு அறிவிச்சாங்க. ஒரு வருஷத்துக்குள்ள 300, 400 நெசவுக் குடும்பம் வந்து சேர்ந்துச்சுன்னு அவங்க கடுதாசியே சொல்லுது. கோட்டைச் சுவர் முழுசா எழும்பி முடிய அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதாவது ஊரு சுவருக்கு முன்னாடியே தறியில உருவாயிடுச்சு. பின்னால காலடிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை ரெண்டும் நெசவாளர்களுக்காகவே போட்ட குடியிருப்புங்க, வண்ணாரப்பேட்டை அந்தத் துணியை வெளுக்குறவங்களோட இடம். சிந்தாதிரிப்பேட்டையில இன்னிக்கு மீன் மார்க்கெட் எங்கன்னு கேட்டா எல்லாரும் வழி சொல்லுவாங்க, 1734-ல அங்க தறி போட்டவங்களைப் பத்திக் கேட்டா? இதுக்கு நடுவுல, வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இங்க வெறும் மணல்தான்னு ஒரு கோஷ்டி இன்னும் பேசிக்கிட்டே இருக்கு. திருவல்லிக்கேணிக் கோயில்ல பல்லவர் கல்வெட்டு இருக்கு, மயிலாப்பூரும் திருவொற்றியூரும் தேவாரத்துல இருக்கு, தயவுசெஞ்சு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுப் பேசுங்க.

துறைமுகம் இல்லாததுக்குக் கொடுத்த விலையும் கொஞ்சம் இல்ல. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து திரும்பினா கப்பல் இங்க நிக்கவே கூடாது. 1746-ல பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கோட்டையையே பிடிச்சுட்டார், ஆனா அடுத்த மாசமே புயல் வந்து அவரோட கப்பல்களை இந்தக் கரையிலயே சிதறடிச்சிடுச்சு. 1860-கள்ல இரும்புல ஒரு பாலம் கடலுக்குள்ள நீட்டினாங்க. 1870-கள்ல தான் கல்லுச் சுவர் போட்டு நிஜமான துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க, 1881 நவம்பர் புயல் அதையும் புரட்டிப் போட்டுச்சு. திரும்பக் கட்டினாங்க. அப்புறம் கிழக்கப் பார்த்திருந்த வாய் மணல்ல தூந்து போகுதுன்னு, 1904-க்குப் பிறகு பொறுப்புல இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி வடகிழக்குப் பக்கம் திறந்தார்.

அந்தக் கல்லுச் சுவர் செஞ்ச வேலை இன்னிக்கும் முடியல. இந்தக் கரையில மணல் வருஷம் பூரா மொத்தத்துல தெற்க இருந்து வடக்க நகரும். சுவர் குறுக்க நின்னதால தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமாச்சு, வடக்க ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் வராம கடல் தின்ன ஆரம்பிச்சுச்சு. நாம சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டே நடக்குற மணல், வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணல். அங்க தெருத் தெருவா வீடு போயிருக்கு, இப்ப கரை நெடுக பாறாங்கல்லு கொட்டி வெச்சிருக்காங்க, படகை இழுத்துப் போட மணல் இல்ல. யாரோட படகு வெள்ளைக்காரனைக் கரையேத்துச்சோ அவங்க சந்ததிக்குத்தான் இந்த நிலைமை. இதுக்கு மேல வடக்க எண்ணூர்லயும் காட்டுப்பள்ளியிலயும் துறைமுகம் வந்தாச்சு, காட்டுப்பள்ளியை இன்னும் பெருசாக்கணும்னு திட்டம் இருக்கு, பழவேற்காடு மீனவங்க வேண்டாம்னு வருஷக்கணக்கா போராடிக்கிட்டிருக்காங்க. அந்த இடத்தை யார் செலக்ட் பண்ணாங்க, எதுக்குப் பண்ணாங்கன்னு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்க. முழுப் பக்கமும் அதுக்கே ஒதுக்குறேன்.