'பிங் மி' என்றால் என்ன செய்ய வேண்டும்?

லண்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் "பிங் மி" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், தொலைபேசியில் அழைப்பதா, மின்னஞ்சல் அனுப்புவதா என்று தெரியாமல் மாலைவரை காத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலகச் செய்திச் செயலிகளில் உங்கள் அலுவலகத்தில் எது புழங்குகிறதோ அதில் ஒரு சிறு செய்தி அனுப்பினால் போதும்.

உலோகத்தில் ஏதேனும் பட்டுத் தெறிக்கும்போது எழும் கூர்மையான ஓசையைக் குறிக்கும் சொல்தான் 'பிங்'. நம் 'கணீர்' போன்றதுதான். ஆனால் நாம் 'கணீரென்று ஒலித்தது' என இன்னொரு வினைக்குத் துணையாகவே அதைச் சொல்கிறோம். ஆங்கிலமோ ஓசையையே வினையாக்கி, ஓர் ஆளையும் அதற்குச் செயப்படுபொருளாக்கிவிடுகிறது. உங்களைத் தடுமாறவைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கடலுக்கடியில் சோனார் கருவி ஓர் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு எதிரிலுள்ள பொருளின் தொலைவை அறிகிறது. அந்த ஒலிக்கும் இதுவே பெயர். 1983 டிசம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்பிலுள்ள மற்றொரு கணினி பதிலளிக்கிறதா என்று பார்க்கும் நிரலை எழுதி, சோனாரை நினைத்தே அதற்கு 'பிங்' என்று பெயரிட்டார். அனுப்பியதற்கு மறுமொழி வரும் என்ற எதிர்பார்ப்பு அலுவலகப் பேச்சிலும் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, மரியாதை கருதி 'ஹலோ' மட்டும் அனுப்பிவிட்டு, அவர் பதில் சொன்ன பிறகே விஷயத்துக்கு வரும் நம் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன், எதற்காக எழுதினேன் என்று தெரியாமல் எதிரிலிருந்தவர் காத்திருக்க நேர்ந்தது. வணக்கமும் கேள்வியும் ஒரே செய்தியில் இருக்கட்டும். "ஐ வில் பிங் யூ" என்று அவர் சொன்னால் மட்டும், முதலில் எழுத வேண்டியவர் அவர்.

மைக்ரோவேவ் அடுப்பு வேலை முடிந்ததும் எழுப்பும் ஓசையையும் இங்கே 'பிங்' என்பார்கள். 2021 ஜூலையில், தொற்றாளருக்கு அருகில் இருந்தவர்களைத் தனித்திருக்கச் சொல்லும் கொரோனா செயலியின் எச்சரிக்கை ஒரே வாரத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போனபோது, செய்தித்தாள்கள் 'பிங்'கையும் பெருந்தொற்றைக் குறிக்கும் 'பாண்டெமிக்'கையும் சேர்த்து அதை 'பிங்டெமிக்' என்றே எழுதின. அன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு அச்சம். உங்கள் மேலாளர் சொன்னதில் அப்படி எதுவும் இல்லை.

நாளைக் காலையில், அவர் சொன்ன வேலையைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். தாமதத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.