அசல் சான்றிதழைக் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

கும்பகோணத்து நிறுவனம் ஒன்று நேர்காணல் அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, 2 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டலாம். நகலைத்தான் விட்டுவர வேண்டும்.

தஞ்சாவூரில் என் முதல் வேலைக்கு, எதுவும் எழுதப்படாத 20 ரூபாய் முத்திரைத்தாளை நீட்டினார்கள். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருந்தது. சம்பளத்தைக் கேட்டேன். "சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார் மேலாளர். குறுவை பொய்த்த வருடம் அது. வீட்டை நினைத்துப் போட்டுவிட்டேன். அன்று அவர்களிடம் கொடுத்த அசல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் திரும்ப வாங்க 7 மாதம் அலைந்தேன்.

வேலையை விட்டபின் வேறெங்கும் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. பாதியில் விலகினால் இத்தனை லட்சம் என்று எழுதியிருந்தாலும், 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்: 2025இல் 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணி, சம்பளம், விலகல் அறிவிப்புக் காலம் மூன்றும் எழுதிய பிரதியை வீட்டுக்கு எடுத்துச்சென்று படிக்க ஒரு நாள் கேளுங்கள். மறுத்தால், அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுங்கள்.