சி.ஆர்.பி. நார்மல், அப்புறம் எதற்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. ஒன்றரை வருடமாகக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலே விரல்கள் வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவக்கின்றன. இப்போது விரல்களில் தொடங்கி முழங்கைக்கு மேல் வரை தோல் இறுகிவிட்டது. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்று சொல்லி நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மைக்கோஃபெனோலேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எஸ்சிஎல்-70 என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ், சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் லேசான மாற்றம். ஆனால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். அழற்சியே இல்லாதபோது எதிர்ப்பு சக்தியை ஏன் குறைக்க வேண்டும்? முடக்குவாதம் உள்ள என் அக்காவுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கிறது, எனக்கு மட்டும் தர மறுக்கிறார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடங்கலாமா?

பதில்: ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் அம்மா. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிதான், அதனால்தான் காரணம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கோ மூண்ட அழற்சியின் சமிக்ஞை, முக்கியமாக இன்டர்லூகின்-6 என்ற பொருள், போதுமான அளவு ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது ஏறும். உங்கள் அக்காவுக்கு மூட்டுகள் வீங்கும்போது அப்படித்தான் ஏறியிருக்கும். உங்களுக்கு வந்திருக்கும் நோயில் அழற்சி மிகச் சிறிய ரத்தக் குழாய்களைச் சுற்றி, தோலின் ஆழத்தில், நுரையீரலின் காற்றறைச் சுவர்களில், அங்கங்கே அடங்கி நடக்கிறது. அதனால் நோய் தீவிரமாக இருக்கும்போதுகூடப் பலருக்கு ரத்தத்தில் இந்த அளவுகள் நார்மலாகவே இருக்கும். ஆரம்பக் கட்டத்தில் தோலில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சின்னக் குழாய்களைச் சுற்றி லிம்ஃபோசைட் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் கூடியிருப்பது தெரியும். சில வருடம் கழித்துப் பார்த்தால் அந்தச் செல்களைத் தேட வேண்டியிருக்கும், அவை இருந்த இடமெல்லாம் கெட்டியான கொலாஜன், அதாவது தழும்பாகும் நார்ப்புரதம்.

நடப்பது இதுதான். முதலில் குழாய்களின் உட்புறச் செல்கள் சேதமாகின்றன. விரல் வெளுப்பது அதன் அடையாளம், பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் இப்படித்தான் தொடங்குகிறது. சேதமான இடத்துக்கு டி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வந்து சேர்கின்றன, பி செல்கள் எஸ்சிஎல்-70 போன்ற ஆன்டிபாடிகளை உருவாக்குகின்றன. இவையெல்லாம் சேர்ந்து வெளியிடும் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-13, டிஜிஎஃப்-பீட்டா போன்ற பொருள்கள், சாதாரணமாகக் காயத்தை ஆற்றும் வேலையைச் செய்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. காயம் ஆறினால் அவை ஓய்ந்துவிட வேண்டும். இங்கே ஓய்வதில்லை, தழும்புத் திசுவைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அப்புறம் ஒரு கட்டத்தில், திசு கெட்டியானதே அந்தச் செல்களை மேலும் தூண்ட ஆரம்பிக்கிறது, அழற்சி தணிந்த பின்னும் தழும்பு தானாக வளர்கிறது. அந்தக் கட்டம் வந்த பிறகு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தால் கிடைக்கும் பலன் குறைவு. முதல் நான்கைந்து வருடம்தான் எங்களுக்குக் கையில் இருக்கும் நேரம், அதில் ஒன்றரை வருடம் ஏற்கனவே போய்விட்டது.

தோல் முழங்கைக்கு மேலே ஏறியிருப்பதால் இது பரவலான வகை. எஸ்சிஎல்-70 இருப்பவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வரும் வாய்ப்பும் அதிகம். ‘லேசான மாற்றம்’ என்று ஸ்கேனில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதி அடைந்திருப்பது புரிகிறது. எனக்கோ, சேதம் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்களே, மாத்திரை தொடங்கச் சரியான நேரம் இதுதானே என்றுதான் தோன்றுகிறது. நுரையீரலில் தழும்பு விழுந்த பகுதியை மறுபடி பழையபடி ஆக்க எங்களிடம் மருந்து கிடையாது. இருப்பதைக் காப்பாற்ற உண்டு.

அதற்கு மைக்கோஃபெனோலேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதை இரண்டு வருடம் எடுத்தவர்களின் நுரையீரல் கொள்ளளவு, அதைவிடக் கடுமையான சைக்ளோஃபாஸ்ஃபமைடை ஒரு வருடம் எடுத்தவர்களுக்குச் சமமாக மேம்பட்டது, பக்கவிளைவும் குறைவு. இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசிக்கும் இந்த நோயின் நுரையீரல் பாதிப்புக்காக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தழும்பைக் குறிவைக்கும் நின்டெடானிப் அதற்கு முன்பே, 2019-இல் வந்துவிட்டது, தேவைப்பட்டால் அதையும் சேர்த்துத் தருவார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம்தான் இதன் வேர் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று ஸ்டெம் செல் சிகிச்சை: பழைய எதிர்ப்பு செல்களை மருந்தால் அழித்துவிட்டு நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைத் திருப்பிச் செலுத்தினால் இறுகிய தோல் இளகுகிறது, நீண்ட காலத்தில் அதிகம் பேர் பிழைக்கிறார்கள். ஆனால் 2014-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், சிகிச்சையின் விளைவாகவே முதல் வருடத்தில் பத்தில் ஒருவர் இறந்தார்கள். அதனால் மிகக் கடுமையான சிலருக்குத்தான் அது, உங்களுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, ஸ்டீராய்டு. அக்காவின் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நீங்கள் எடுத்து விழுங்கிவிடாதீர்கள். உங்கள் வகையில், தினமும் 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சிறுநீரக நெருக்கடி வரும் ஆபத்து கூடுகிறது: சிறுநீரகத்தின் சிறு தமனிகள் சுருங்கி ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், சில நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். கேப்டோபிரில் வகை ரத்த அழுத்த மருந்துகள் வருவதற்கு முன் இந்த நோயில் அதிகம் பேரைக் கொன்றது இதுதான். அந்த மருந்தையும் முன்கூட்டியே காப்பாக எடுத்துக்கொள்வதில் பலன் இல்லை, நெருக்கடி வந்ததும் தாமதிக்காமல் தருவதில்தான் பலன். ஆகவே வீட்டில் ஒரு பி.பி. கருவி வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பார்த்துக் குறித்து வையுங்கள். மேல் அளவு வழக்கத்தைவிட 30 ஏறினாலோ, கீழ் அளவு 20 ஏறினாலோ, அல்லது 140/90-ஐத் தாண்டினாலோ மறுபடி ஒருமுறை பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கூடவே கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

மாத்திரை விஷயத்தில் பொறுமை வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள், முதல் சில வாரம் வயிற்றுப்போக்கும் குமட்டலும் இருக்கலாம், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இடையில் ரத்த அணுக்களைச் சோதிப்பதைத் தவறவிடக்கூடாது. காய்ச்சல் வந்தால் நீங்களாக வைத்தியம் பார்க்காமல் சொல்லிவிடுங்கள், உயிருள்ள கிருமிகள் கொண்ட தடுப்பூசிகள் கூடாது. எதிர்ப்பு சக்தியை ஏற்றுவதாகச் சொல்லி விற்கும் பொடி, டானிக் எதுவும் வேண்டாம். விரல் வெளுப்பதற்கும் நெஞ்செரிச்சலுக்கும் தனி மருந்து உண்டு, மைக்கோஃபெனோலேட் அவற்றைப் பார்த்துக்கொள்ளாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 38 வயது என்பதால் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, எடுக்கும் காலம் முழுக்க நம்பகமான கருத்தடை, நிறுத்திய பின்னும் ஆறு வாரம் அதைத் தொடர்வது, இவை கட்டாயம். குழந்தை பற்றி யோசனை இருந்தால் முதல் மாத்திரையைப் போடும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், மாற்று வழிகள் இருக்கின்றன. போகும்போது நுரையீரல் செயல்திறன் சோதனையும் இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இப்போதைய அளவு கையில் இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.