விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கைப் பெரிதாக்கியும் சி டிரைவ் ஏன் அப்படியே இருக்கிறது?

கேள்வி இதுதான்: விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) விண்டோஸ் 10 இருக்கும் விடிஐ டிஸ்க்கை (அந்த உள்கணினிக்கு ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் கோப்பு) 50 ஜிபியிலிருந்து 100 ஆக்கியாயிற்று. உள்ளே போனால் சி டிரைவ் அதே 50தான். டேட்டா போகாமல் எப்படி நீட்டுவது?

இதுவரை முடிந்தது பாதி வேலை. வெளியே டிஸ்க்கின் அளவு கூடியிருக்கிறது. உள்ளே பார்ட்டிஷனையும் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) அதில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் தனியாக நீட்ட வேண்டும்.

அதற்கு முன், மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில், அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி காரணமாக விண்டோஸ் அரைத் தூக்கத்தில் நிற்கலாம்; அந்த நிலையில் பார்ட்டிஷனைத் தொடுவது ஆபத்து. பிறகு மெஷினை முழு க்ளோன் (அப்படியே நகல்) எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் அந்த நேரத்து நிலைப் பதிவு) பேக்கப் என்று தயவுசெய்து நம்ப வேண்டாம், அது மூல டிஸ்க் கோப்பையே சார்ந்தது.

சரி, இப்போது மெஷினை மறுபடி ஆன் செய்து, விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சி-யை ஒட்டி வலப்பக்கம் 'அன்அலொகேட்டட்' (ஒதுக்கப்படாத) இடம் இருந்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் போதும். ஆனால் பல நேரம் நடுவில் சில நூறு எம்பி ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும், எக்ஸ்டெண்ட் மங்கிக் கிடக்கும். அதை அழித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, விண்டோஸ் பூட் ஆகாத நாளில் கைகொடுப்பது அதுதான். பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான ஜிபார்ட்டெட்டின் லைவ் ஐஎஸ்ஓவில் (நிறுவாமலே ஓடும் டிஸ்க் கோப்பு) மெஷினை பூட் செய்து, ரெகவரியை வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள். நகரும்போது நிறுத்தவே கூடாது. அப்புறம் விண்டோஸுக்குத் திரும்பி சி-யை நீட்டலாம்.

பிட்லாக்கர் (டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் முதலில் ரெகவரி கீயைக் குறித்து வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.