ரேடியோ இரைந்தால் ஜாமர்தானா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ராத்திரியில் இலங்கை ஸ்டேஷன் கேட்கும்போது விசில் அடிக்கிறது. நம் அரசு தடுக்கிறதா? (பாம்பன்)

எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு? ஒன்றுமே எழுதவில்லை. அலைவரிசை, நேரம், ரேடியோ வைத்திருந்த திசை, இந்த மூன்றும் இல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! பொழுது சாய்ந்ததும் வந்து விடிந்ததும் போகிற விசில் என்றால் அது வானத்தின் வேலை. மேல்வானத்தில் மின்துகள் படலங்கள் உண்டு. பகலில் மீடியம் வேவை (மத்திய அலையை) விழுங்கும் கீழ்ப்படலம் இரவில் கலைந்துவிடுவதால், ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஸ்டேஷன்களும் மேலே பட்டுத் திரும்பி வந்து ஒன்றோடொன்று மோதுகின்றன.

அப்படியானால் அரசாங்கங்கள் நிஜமாக எப்படித் தடுக்கின்றன? (தொண்டி)

அதே அலைவரிசையில், கேட்பவர் இருக்கும் இடத்தில் அயல் ஸ்டேஷனை அமுக்கும் அளவு பலமாக, ஏதாவது இரைச்சலைப் போடுவார்கள். அதைப் போடும் டிரான்ஸ்மிட்டர்தான் ஜாமர். உப்புத் தண்ணீர் மேல் மீடியம் வேவ் சிரமமில்லாமல் ஓடும், கடல் தாண்டிவரும் ஸ்டேஷன் கரையில் பலமாகவே கேட்கும். அதனால் எங்கோ தூரத்தில் ஒரு ஜாமரை வைத்தால் போதாது, ஊருக்கு ஊர் வைக்க வேண்டும். அமெரிக்க அரசு கியூபாவுக்கென நடத்தும் ரேடியோ மார்த்தியை 1985-இல் ஃபுளோரிடாவின் மாரத்தான் என்ற ஊரிலிருந்து 1180 கிலோஹெர்ட்ஸில் அனுப்பத் தொடங்கியது. நடுவில் சுமார் 170 கிலோமீட்டர் கடல், கிட்டத்தட்ட நம் ராமேஸ்வரத்துக்கும் இலங்கையின் புத்தளத்துக்கும் உள்ள தூரம். கியூபாவில் தலைநகர் ஹவானாவைச் சுற்றி ஜாமர் போட்டார்கள், ஆனால் தள்ளிப் போனால் காதில் விழும். சோவியத்தில் சிற்றலைக்கும் இதே கதைதான். நகரத்தில் இரைச்சல், கிராமத்தில் செய்தி. 1988 கடைசியில்தான் அங்கே முழுதாக ஓய்ந்தது. இந்த வேலையைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபை 1950-லேயே தீர்மானம் போட்டிருந்தது. யார் கேட்டார்கள்?

சாயங்காலம் ஏழு மணியானால் எல்லா ஸ்டேஷனிலும் கரகரப்பு. ஜாமர்தானே? (கீழக்கரை)

எல்லா ஸ்டேஷனிலுமா! 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை மீடியம் வேவ் மொத்தத்தையும் அடைக்க எந்த அரசாங்கத்துக்கு ஐயா மின்சாரமும் பொறுமையும் இருக்கிறது? ஜாமர் ஓர் அலைவரிசையைக் குறிவைக்கும். உங்களுடையது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அனேகமாக உங்கள் தலைக்கு மேலேயே. மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவிடும் சர்க்யூட் உண்டு. அந்த வெட்டுகளின் மடங்குகள் நேராக மீடியம் வேவில் வந்து விழும். தடுக்கும் பில்டருக்கு ஆகிற ஒன்றிரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள். அப்புறம் வீட்டு வயரிங் முழுக்க ஏரியலாகிவிடுகிறது. நாற்பது வருஷமாக ரேடியோ திருப்பும் நானே இரண்டு வாரம் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பூஜை அறைக்குப் புதிதாக வாங்கிய பல்பு! கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினால், "வெளிச்சம் வருதில்ல?" என்கிறார். பேட்டரி ரேடியோவைப் போட்டுவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் தெருவில் இறங்கி நடங்கள், பக்கத்து வீடாக இருக்கும். இத்தனையும் முடித்த பிறகு வெளிநாட்டைச் சந்தேகிக்கலாம்.

படகில் தெளிவாகக் கேட்கிறது. கரைக்கு வந்தால் இரைச்சல். ஏன்? (ஏர்வாடி)

கடலில் பல்பு இல்லை. மெயின் சுவிட்ச்!

ரேடியோவைத் திருப்பினால் ஸ்டேஷன் மறைகிறது. பழுதா? (ராமேஸ்வரம்)

இல்லை, நல்ல ரேடியோ. உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை ஸ்டேஷனை நோக்கினால் ஒலி குறையும், பக்கவாட்டில் நின்றால் கூடும். உங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி ஸ்டேஷன் தென்மேற்கே, புத்தளம் ஸ்டேஷன் தெற்கே சற்றுக் கிழக்காக, ஏறக்குறைய செங்கோணம். ஒன்று உரக்கக் கேட்டால் மற்றது அடங்கும். இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் இதே வித்தைதான். எப்படித் திருப்பினாலும் அடங்காத இரைச்சல் பெரும்பாலும் வீட்டு வயரில் இருந்து வருவது.

ஆகாசவாணிக்குப் பக்கத்திலேயே ஒரே சீராக "ஸ்ஸ்" என்கிறதே? (பரமக்குடி)

அது டி.ஆர்.எம். டிஜிட்டல் ஒலிபரப்பாக இருக்கும். பழைய ரேடியோவுக்கு அது வெறும் இரைச்சல்தான்.

ஜாமர் செய்ய சர்க்யூட் தர முடியுமா? (கல்லூரி மாணவர், முதுகுளத்தூர்)

முடியாது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்.

சில நாள் இலங்கை எஃப்.எம். நம் எஃப்.எம்.மை அமுக்கிவிடுகிறது. இது வேண்டுமென்றே செய்வதா? (மண்டபம்)

சரி, கடைசிக் கேள்வியாவது வேறு விஷயம். காற்று அடங்கிய நாட்களில் கடல்மட்டத்தில் ஈரக்காற்றும் அதன் மேல் வெப்பக்காற்றும் படலமாக நின்று எஃப்.எம். அலையை வளைத்துக் கொண்டுவரும். எஃப்.எம்.மில் பலமானது மற்றதை முழுக்க விழுங்கிவிடும். காற்று கிளம்பியதும் உங்கள் ஸ்டேஷன் திரும்பி வரும்.